நீராவி லாரி முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

சூடானதும் இறுகிக்கொள்கிறது என்பதற்காக என் எஞ்சினை மூன்று முறை பிரித்துப் பூட்டினேன். மூன்று முறையும் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பழுது வேறிடத்தில் இருந்தது. அந்த மூன்று வாரங்களை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கட்டியது ஆறில் ஒரு பங்கு அளவிலான நீராவி லாரி. இங்கிலாந்தில் சாண்ட்பாக் ஊரில் ஃபோடன் நிறுவனம் கட்டிய லாரிகளின் அமைப்பு. ரயில் எஞ்சினில் இருப்பதைப் போலப் படுத்த பாய்லர், அதன் முதுகில் இரண்டு சிலிண்டர் கொண்ட காம்பவுண்டு எஞ்சின், அங்கிருந்து பின் அச்சுக்கு ஒரு செயின். ஷ்ரூஸ்பரியின் சென்டினல் வகையில் பாய்லர் நிமிர்ந்து நிற்கும், எஞ்சின் சட்டத்துக்கு அடியில் இருக்கும். அதைக் கட்டுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பட்டறை என்று நான் சொல்வது பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் ஓரம். அங்கே ஒரு சிறிய லேத், ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு வைஸ் இருக்கின்றன.

எந்த அறிகுறியானாலும் முதலில் அதைக் காற்றில் வரவழைத்துப் பாருங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் போதும். 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில் எஞ்சின் நிதானமாகச் சுழல வேண்டும். காற்றிலும் அதே கோளாறு வந்தால் பழுது எஞ்சினில். நீராவியில் மட்டும் வந்தால் வெப்பம், தண்ணீர், நெருப்பு இந்த மூன்றில் ஒன்றில். இந்த ஒரு சல்லடையே பாதி வேலையை முடித்துவிடும். அதோடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

பாய்லரில் ஈரம் கசிகிறது, அல்லது கண்ணாடியில் நீர்மட்டம் அசையவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே பழுது பார்க்கும் பேச்சே இல்லை என்பதுதான். நெருப்பை இறக்குங்கள். ஆறட்டும். அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

வண்டி ஆடும்போது கண்ணாடியில் நீர் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் மேல் குழாயிலோ கீழ்க் குழாயிலோ அடைப்பு இருக்கிறது. அடிக் குழாயைத் திறந்து ஊதிவிட்டு மூடினால் நீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். சோம்பலாக ஏறினால் அந்தக் கண்ணாடியை நம்ப முடியாது. கண்ணாடியில் நீரே தெரியாமல் போனால், பதற்றத்தில் குளிர்ந்த நீரைப் பாய்ச்சிவிடாதீர்கள். நெருப்பறையின் கூரைத் தகடு வெறுமையாகக் காய்ந்துகொண்டிருக்கலாம்.

கசிவைக் கண்டால் அதன் மேல் ஈயப் பற்றை உருக்கி மூடும் ஆசை எல்லோருக்கும் வரும். 80 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 162 டிகிரி. சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் பொருள். 160 டிகிரியில் அதற்குப் பலமே இருக்காது. பாய்லரின் இணைப்பு வெள்ளிப் பற்றாசாகத்தான் இருக்க வேண்டும். நகரத்பேட்டையின் நகைப் பட்டறைகளில் அதே வேலையை வெங்காரம் தடவி ஊதுகுழலால் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நமக்குத் தேவை காட்மியம் கலக்காத வகை. காட்மியத்தின் புகை நுரையீரலுக்கு நஞ்சு. பாய்லரில் திருகும் மரைத் துண்டுகள் பித்தளையாக இருந்தால், அதிலுள்ள துத்தநாகம் காலப்போக்கில் கரைந்து வெளியேறி உலோகம் பஞ்சாகிவிடும். வெண்கலத்தில் கடைந்து மாற்றுங்கள்.

மறுபடி பற்றவைத்த பிறகு நீர் அழுத்தச் சோதனை. உள்ளே ஒரு குமிழிகூடக் காற்று இல்லாமல் நீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இரு மடங்குக்கு ஏற்றுங்கள். 80 பவுண்டு பாய்லருக்கு 160. பிறகு ஆண்டுதோறும் ஒன்றரை மடங்கு. நம் நாட்டின் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கலன்களைத் தொடுவதில்லை. ஆய்வாளர் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்பதால் இந்தச் சோதனையில் எனக்குச் சலுகையே கிடையாது. பக்கத்தில் குழந்தைகள் நிற்கும் வண்டி இது. பாதுகாப்பு வால்வையும் அதே நாளில் பாருங்கள்: நெருப்பு முழு வேகத்தில் எரிய, எஞ்சின் நிற்க, வால்வு மட்டும் திறந்திருக்கும்போது அழுத்தம் வேலை அளவுக்கு மேல் பத்தில் ஒரு பங்குக்கு மிஞ்சி ஏறக் கூடாது.

கிளம்ப மறுக்கிறது, ஃப்ளைவீலைக் கையால் சற்றுத் தள்ளினால் ஓடிவிடுகிறது

காம்பவுண்டு எஞ்சினில் இது பாதி நேரம் பழுதே இல்லை. பாய்லரின் நீராவி சிறிய சிலிண்டருக்கு மட்டுமே நேராகப் போகிறது. அங்கே வேலை முடித்து வெளியேறும் நீராவிதான் பெரிய சிலிண்டருக்கு உணவு. சிறிய சிலிண்டரின் கிராங்கு டெட் சென்டரில், அதாவது பிஸ்டன் ஓட்டத்தின் கடைசி முனையில், நின்றுவிட்டால் இரண்டுமே பட்டினி. அசல் லாரிகளில் இதற்காகவே பெரிய சிலிண்டருக்கும் நேரடி நீராவியைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும் ஒரு வால்வு இருந்தது. மாடலில் அதை அலங்காரமாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேலை செய்யும்படி கட்டுங்கள். மேட்டில் நிறுத்திய வண்டியைக் கிளப்ப வேறு வழி கிடையாது.

அந்த வால்வைத் திறந்தும் நகரவில்லை, புகைபோக்கி வழியே மட்டும் காற்று சீறுகிறது என்றால் ஸ்லைடு வால்வு, அதாவது சிலிண்டரின் நீராவித் துளைகள் மேல் சறுக்கி அவற்றைத் திறந்து மூடும் துண்டு, தன் தளத்தில் அமரவில்லை. வால்வை நடு நிலையில் நிறுத்திக் காற்றைத் திறந்து, புகைபோக்கியில் காதை வையுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். சீற்றம் கேட்டால் மூடியைக் கழற்றி, வால்வின் முதுகை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். வால்வை இழுக்கும் கம்பியில் நட்டு இறுகப் பிடித்திருந்தால் வால்வு அந்தரத்தில் தொங்கும். முன்னும் பின்னும் ஆட்டம் இருக்கக் கூடாது. தளத்தை நோக்கி மட்டும் தாராளமாக விழ வேண்டும்.

அதுவும் சரியென்றால் தளத்தையே பாருங்கள். வால்வின் முகத்தில் நீல மையை மெல்லிய படலமாகத் தடவி, துளைகளின் தளத்தில் வைத்துச் சற்றே நகர்த்தி எடுங்கள். எங்கே நீலம் ஒட்டியதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. என் வால்வில் முதல் தடவை நான்கு மூலைகளில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. நடுவில் வெறும் உலோகம் பளபளத்தது. கண்ணாடித் தகட்டின் மேல் 600 எண் உப்புத்தாளை விரித்து, எட்டு எழுதுவதைப் போல வால்வைத் தேய்த்தேன். பிறகு 1000 எண். துளைகளைச் சுற்றி அறுபடாத நீலக் கரை தெரியும்வரை விடாதீர்கள்.

கிளாண்ட் பேக்கிங், அதாவது தண்டு வெளியேறும் இடத்தில் நீராவி கசியாமல் அடைக்கும் திணிப்பு, இறுக்கமாக இருப்பதும் ஒரு காரணம். நட்டை விரலால் முறுக்கும் அளவே போதும்.

ஓடுகிறது, ஆனால் ஓசை நொண்டுகிறது

முதலில் எத்தனை ஓசை வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். காம்பவுண்டில் பெரிய சிலிண்டர் மட்டுமே புகைபோக்கியில் மூச்சு விடும். ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு. சென்டினலைப் போல இரண்டு சிலிண்டரும் தனித்தனியாக வெளியேற்றினால் நான்கு. இரண்டு ஓசைகள் ஒன்று ஓங்கியும் ஒன்று தேய்ந்தும் கேட்டால் வால்வின் நேரம் தவறியிருக்கிறது.

டெட் சென்டரைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பிஸ்டன் தண்டின் தலை ஓட்டத்தின் கடைசியை நெருங்கும்போது நிறுத்தி, அது சறுக்கி ஓடும் வழித்தண்டில் ஒரு கோடு போடுங்கள். ஃப்ளைவீலிலும், நிலையான ஒரு முள்ளுக்கு எதிரே, ஒரு கோடு. தலை கடைசிவரை போய்த் திரும்பி அதே கோட்டைத் தொடும்வரை சுற்றுங்கள். ஃப்ளைவீலில் இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டெட் சென்டர். மறு முனைக்கும் இப்படியே.

இப்போது இரண்டு முனையிலும் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். அளவு கருவி வேண்டாம். சவரத் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ.; ஒரு தகடு நுழைகிறதா, இரண்டு நுழைகின்றனவா என்று பார்த்தால் போதும். ஒரு முனையில் கூடுதல், மறு முனையில் குறைவு என்றால் வால்வு கம்பியில் இடம் மாறி இருக்கிறது. நட்டைத் திருகிச் சமப்படுத்துங்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி முந்தியோ பிந்தியோ திறந்தால் நட்டைத் தொடவே கூடாது. வால்வை ஆட்டும் எக்சென்ட்ரிக் வட்டு அச்சின் மேல் நகர்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் சேர்த்துத் திருப்புகிறவர்கள் பல நாட்களைத் தொலைத்துவிடுவார்கள்.

எக்சென்ட்ரிக்கைச் சரியான இடத்தில் வைத்ததும், அதன் திருகு அமரும் இடத்தில் அச்சில் ஒரு சிறு குழி துளைத்துவிடுங்கள். மழமழப்பான அச்சின் மேல் பிடித்த திருகு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நழுவும்.

காற்றில் வழுவழுவென்று ஓடுகிறது; நீராவியில் கால் மணி நேரத்தில் இறுகுகிறது

என் மூன்று வாரங்கள் இங்கேதான் போயின. முதல் முறை பிஸ்டன் வளையத்தைச் சந்தேகித்தேன். இரண்டாம் முறை, இணைப்புத் தண்டு கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனை புஷ்களை ரீமர் விட்டுத் தளர்த்தினேன். மூன்றாம் முறை எண்ணெயை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஆறிய எஞ்சின் விரல் நுனியால் சுழன்றது. சூடேறியதும் கிராங்கு கல்லாகியது.

எங்கள் தெருவில் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலை நடைக்கு வரும்போது நின்று பார்ப்பார். அன்றும் பார்த்தார்.

"தம்பி, ஆறினால் சரியாகிவிடுகிறது அல்லவா? அப்படியானால் எஞ்சினை விடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள்."

"எல்லாம் பாய்லர் மேல்தான் இருக்கிறது, ஐயா."

"பாய்லர் எதன் மேல் இருக்கிறது?"

பாய்லர் சட்டத்தின் மேல் இருந்தது. முன்னால் புகைப்பெட்டியின் கீழே நான்கு போல்ட், பின்னால் நெருப்பறையின் இரு பக்கமும் மும்மூன்று போல்ட். எல்லாம் என் பலம் கொண்டமட்டும் இறுக்கியவை. அன்றிரவு கணக்குப் போட்டேன். செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு நீள்கிறது. என் பாய்லர் 450 மி.மீ. நீளம், வெப்பம் அறை நிலையிலிருந்து சுமார் 130 டிகிரி ஏறுகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 1 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை. பாய்லர் முட்டியது, சட்டம் வளைந்தது, கிராங்கின் தாங்கிகள் நேர்க்கோட்டை விட்டு விலகின.

முன் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பின் பக்கத்து ஆறு துளைகளையும் நீளவாக்கில் 3 மி.மீ. அரத்தால் விரித்தேன். போல்ட்டுக்கு அடியில் வெண்கல வளையம் போட்டு, வளையம் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, இரண்டாவது நட்டால் பூட்டினேன். அதற்குப் பிறகு எஞ்சின் இறுகவே இல்லை.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சிலிண்டர் பாய்லரின் முன் பக்கம், கிராங்கு பின் பக்கம். இடையில் 250 மி.மீ. செம்பு. சூட்டில் இரண்டும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே விலகுகின்றன. ஆனால் இணைக்கும் எஃகுத் தண்டுகள் வெளிக்காற்றில் இருப்பதால் அவ்வளவு நீள்வதில்லை. விளைவு இரண்டு. பிஸ்டன், கிராங்குப் பக்கத்து மூடிக்கு அரை மில்லிமீட்டர் நெருங்கிவிடும். ஆறியிருக்கும்போது அங்கே 1 மி.மீ. இடைவெளி விடாதவர்களுக்குச் சூட்டில் "டொக், டொக்" என்று கேட்கும். இரண்டாவது, வால்வின் நேரம் மாறும்: அப்பால் உள்ள துளை கூடுதலாகத் திறக்கும், கிராங்குப் பக்கத் துளை குறைவாகத் திறக்கும். ஆறிய எஞ்சினில் அச்சடித்தாற்போல் சமப்படுத்திய வால்வு நீராவியில் நொண்டுவது இதனால்தான். காற்றில் சமப்படுத்திய பிறகு நீராவியில் ஒருமுறை காதால் கேட்டு, நட்டைச் சிறிது திருப்பி முடியுங்கள்.

அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது, அல்லது ஓட ஓட இறங்குகிறது

நெருப்பைத் திட்டுவதற்கு முன் புகைப்பெட்டியைப் பாருங்கள். நெருப்பு எரிய வேண்டிய காற்று, கரி கிடக்கும் கம்பித் தட்டியின் அடியிலிருந்து வர வேண்டும். புகைப்பெட்டியில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் காற்று அந்தச் சுலபமான வழியில் நுழைந்துவிடும். ஆறிய வண்டியில் புகைபோக்கி மேல் சிறிய மின்விசிறியை வைத்து ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, புகைப்பெட்டிக் கதவின் விளிம்பு, குழாய்கள் நுழையும் இடம், அடியிலுள்ள போல்ட் துளைகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். புகை எங்கே சட்டென்று உள்ளே வளைகிறதோ அங்கே ஓட்டை. என் வண்டியில் அது நீராவிக் குழாயைச் சுற்றிய இடுக்கு. வெப்பம் தாங்கும் பூச்சை அப்பியதும், தேநீர் ஆறும் நேரத்துக்குள் அழுத்தம் ஏறத் தொடங்கியது.

அடுத்தது பிளாஸ்ட் முனை. கழிவு நீராவி புகைபோக்கியின் நட்ட நடுவே பாய்ந்தால்தான் புகையை இழுத்துச் செல்லும். முனையின் துளைக்குள் சரியாக நுழையும் நேரான கம்பியைச் செருகி, மேலிருந்து பாருங்கள். கம்பி சுவரை நோக்கிச் சாய்ந்தால் முனையை வளைத்து நேராக்குங்கள்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டு நிலக்கரியை வைத்து எழுதிய குறிப்புகள் நமக்கு உதவா. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. சிறிய தட்டியை அரை மணி நேரத்தில் அடைத்துவிடும். நான் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்ல நிலக்கரியும் கலந்து, கொட்டைப்பாக்கு அளவில் உடைத்துப் போடுகிறேன். பொடியைச் சலித்து நீக்குங்கள். கொஞ்சமாக, அடிக்கடி.

புகைபோக்கியிலிருந்து நீர் தெறிக்கிறது

இரண்டு வகை. கிளம்பும்போது மட்டும் என்றால் குளிர்ந்த சிலிண்டரில் நீராவி நீராகிறது. வடிகால் குழாய்களைத் திறந்தபடி மெல்ல ஓட்டிச் சூடாக்குங்கள். நீர் நிறைந்த சிலிண்டரில் வேகமாகத் திறந்தால் தண்டு வளையும். நீரை அமுக்க முடியாது.

ஓட்டத்தின் நடுவிலும் தெறித்தால் பாய்லர் நுரைக்கிறது. புதிய பாய்லரில் எண்ணெய்ப் பிசுக்கும் வெங்காரமும் மிச்சம் இருக்கும். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து நிரப்பி, அழுத்தமில்லாமல் காய்ச்சி, நான்கைந்து முறை அலசுங்கள். நீர்மட்டத்தைக் கண்ணாடியின் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இன்ஜெக்டர் பிடிக்காமல் துப்புகிறது

இன்ஜெக்டர் என்பது நீராவியின் வேகத்தாலேயே, கூம்புகள் வழியாக, பாய்லருக்குள் நீரைத் தள்ளும் கருவி. பெங்களூரில் இதற்கு முதல் குற்றவாளி ஆழ்துளைக் கிணற்று நீர். அந்த நீரின் சுண்ணாம்பு, தலைமுடியளவு இடைவெளி கொண்ட கூம்புகளின் வாயில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். கூம்புகளைக் கழற்றி நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் துடையுங்கள். ஊசியைப் போடாதீர்கள், ஒரு கீறலே அதை முடித்துவிடும். நான் இப்போது மழைநீரை மட்டும் பயன்படுத்துகிறேன். மொட்டை மாடியிலிருந்து தொட்டிக்கு வரும் நீரை முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் போதும்.

சுத்தமாக இருந்தும் துப்பினால் நீர்த்தொட்டியைத் தொடுங்கள். கைக்குச் சூடு தெரிந்தால், அதாவது 40 டிகிரியைத் தாண்டியிருந்தால், சிறிய இன்ஜெக்டர் பிடிக்காது. ஏப்ரல் வெயிலில் மாடியில் ஓட்டும்போது இது நடக்கும். தொட்டியும் குளிர்ச்சி என்றால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று நுழைகிறது.

இன்ஜெக்டரும் கைவிட்டு, எஞ்சினோடு ஓடும் பம்பும் நீர் ஏற்றவில்லை என்றால், ஒருவழி வால்வின் குண்டைப் பாருங்கள். ஒரு மணல் துகள் அதைத் தூக்கி வைத்திருக்கும். இன்ஜெக்டர், பம்பு, கைப்பம்பு மூன்றில் குறைந்தது இரண்டு வேலை செய்யும் நாளில் மட்டும் நெருப்பு மூட்டுங்கள்.

கீச்சென்று கத்துகிறது

சிலிண்டர் எண்ணெய் போகவில்லை. ஓடும்போது புகைபோக்கிக்கு மேல் வெள்ளைத் தாளைச் சில நொடிகள் பிடியுங்கள். நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் தெரிய வேண்டும். வெறும் ஈரம் என்றால் எண்ணெய்க் குப்பியைத் திறந்து பாருங்கள். உள்ளே நீர் நிறைந்து எண்ணெய் தீர்ந்திருக்கும். கார் எஞ்சின் எண்ணெய் இதற்கு ஆகாது, ஈரத்தில் கழுவப்பட்டுவிடும். நீராவிச் சிலிண்டருக்கென்றே விற்கும் 460 தரக் கெட்டி எண்ணெயைத் தேடி வாங்குங்கள்.

மேட்டில் செயின் தாவுகிறது

தொய்வு அதிகம் என்று உடனே இறுக்குவார்கள். சில சமயம் தாவல் இன்னும் மோசமாகும். முதலில் நேர்க்கோடு. இரண்டு பல்சக்கரங்களின் முகத்தை ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நான்கு இடத்திலும் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பின் அச்சு கோணலாக நிற்கிறது. அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே நீளமா என்று அளந்து சமப்படுத்துங்கள். அசல் லாரியிலும் செயினை இறுக்கியது அந்தத் தண்டுகளின் திருகால்தான். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டு மறு பக்கத்தை மறந்தால் இந்தக் கோணல் வரும்.

பிறகு தொய்வு. இரண்டு பல்சக்கர மையங்களுக்கும் இடையிலான தூரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. என் வண்டியில் அது 6 மி.மீ.; சுண்டு விரலால் செயினின் நடுவை அழுத்தினால் அந்த அளவுக்கு மட்டும் இறங்கும். சட்டத்தில் சுமை ஏற்றிய நிலையில், ஒரு சாக்குப் பை மணலை வைத்து அளவெடுங்கள். வெறும் வண்டியில் சரியாக இருந்த செயின், வில்கள் அமுங்கியதும் வேறு அளவு காட்டும்.